கடையநல்லூருக்குப் போன கடுதாசி

— லத்தீன் பாஷைக்கு இத்தாலி, பிரெஞ்சு, ஸ்பானிஷுன்னு சீமையில நெறைய மக்கமாரு உண்டு, பாய். கடைசி மக பொறந்தது தென்காசியில, எங்க வீட்டு மச்சுல. இந்த அருவி ஊரு பேரையே திரிச்சு, குர்தலானோன்னு நான்தான் பேரு வச்சேன். போன வருசம் அந்தப் பாஷையில நான் எழுதின ஒத்தக் கடுதாசியை வாசிக்க முடியாம லண்டன் பட்டணமே மூணு நாளு பட்டினி கெடந்துச்சு.

— தொடங்கிட்டீரா, நயினாரே? உடம்பு பூரா எண்ணெயைத் தேச்சு உக்கார வச்சிட்டுல்லா பேசுதீரு. இந்த வழுக்குப் பாறையில எந்திரிச்சு ஓடவா முடியும்?

— அதுக்குத்தானே இருவது வருசமா சாரல் சமயத்துல உம்மை இங்கன கூட்டியாருதேன். எண்ணெய் ஊறுத ஒரு மணி நேரம் நீரு என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்க, 'அமீகோ' சொல்லும்.

— மாட்டேன். கடையநல்லூர்ல எனக்கு நாப்பது தறி ஓடுது. மரியாதை இருக்கு.

— அமீகோன்னா கூட்டாளி. லத்தீன்ல அந்தக் 'க' கல்லு மாதிரி நிக்கும். நம்ம பாஷையில, ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல வந்தா, சாரல்ல நனைஞ்ச அப்பளமா எளகிரும்.

— அது கெடக்கட்டும். ஓமோன்னா மனுசன். எழுதும்போது முன்னால ஒரு ஹெச் போடுதீரு, அப்புறம் அதை வாசிக்கக் கூடாதுங்கீரு. அது என்ன கூத்து?

— அது சம்பந்தி மாதிரி. பந்தியில எலை போட்டே ஆகணும். சாப்பிடணும்னு இல்ல.

— பாளையங்கோட்டைப் பாதிரிமாரு புத்தகசாலையில முப்பது வருசம் தூசி தட்டினா மூளை இப்படித்தான் போவும். ஆமா, அந்தக் கடுதாசி யாருக்கு?

— உமக்குத்தான்வே.

— எனக்கு வரவே இல்லையே.

— எப்படி வரும்? இத்தாலிக்காரன் வெள்ளைக்காரனோட சண்டை போடுத நேரம். தபாலை ஒடைச்சுப் பாத்தவன், சத்துரு பாஷைன்னு இன்ஸ்பெக்டர்ட்ட குடுத்துட்டான். நானே உண்டாக்கின பாஷைன்னு சத்தியம் பண்ணி, அர்த்தத்தைத் தமிழ்ல எழுதியும் குடுத்தேன். 'உம்மைத் தவிர வாசிக்க இன்னொரு ஆளு உண்டா?'ன்னாரு. இல்லைன்னேன். அப்போ ஜெயிலுதான்னு உக்கார வச்சாரு. சாயங்காலம் என்ன நெனைச்சாரோ, போகச் சொல்லிட்டாரு. எம் முகராசி.

— நம்புத மாதிரியா இருக்கு? கடுதாசியும் இல்ல, இன்ஸ்பெக்டரும் இல்ல.

— இல்லைன்னே வச்சுக்கிடும். இந்தப் பையில இருக்கது என் நோட்டு. இருவது வருசத்துச் சத்தமும் எழுத்தும் இதுலதான் கெடக்கு. அருவியில விட்டுட்டுக் குளிக்கப் போறேன்.

— என்னவே, வெளையாட்டா?

— இல்ல, பாய். ஜெயிலுன்னு சொன்னதுகூட எனக்கு உறைக்கல. 'இன்னொரு ஆளு உண்டா'ன்னு கேட்டதுதான் உறைச்சுட்டு. ஒத்த ஆளு பேசினா அது பாஷை இல்ல, கிறுக்கு. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாசிச்சிருந்தாலும் வச்சுக்கிடுவேன்.

— நயினாரே, ஓரத்துக்குப் போகாதேயும்.

— கையை விடும்.

— 'சாரல் விழுந்துட்டு. நீரு இல்லாம எனக்கு ஒரு தோளுலதான் எண்ணெய் ஊறுது. வாரப்ப உம்ம வீட்டுல ஹைருன் பீவி சுட்ட அரிசி ரொட்டி நாலு கொண்டாரும்.'

— அது... கடுதாசியில இருந்ததுல்லா? உமக்குத்தான் வரலையே.

— எனக்கு வரல. இன்ஸ்பெக்டரு கையில என் தறிக்கொட்டாய்க்கு வந்துச்சு. நோட்டைப் பையில வையும். நடந்துச்சுவே, எல்லாம் நடந்துச்சு. ஹெச்சை முழுங்கி, 'க'வை எளக்கி, அத்தனை தறிக்காரனும் பாக்க வாசிச்சு உம்மை விட வச்சது நான்தான், அமீகோ.