இருபது பிள்ளைகளின் தகப்பன்

லிட்கம் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். உட்காரும்போதே இளையவர் சொன்னார்:

“மாமா தவறின முப்பத்தோராம் நாள் செபத்துக்கு நாங்கள் போட்டது டான்ஸ் மியூசிக்காம், அக்கா.”

“என்ன சொல்லுறாய்? சனமெல்லாம் அழுதது.”

“நானும்தான் அழுதனான். மாமா வாங்கி வைச்சிருந்த பழைய இசைத்தட்டு. வேகமாச் சுத்த வேண்டியதை என்ர மனுசன் மெதுவாச் சுத்த விட்டிட்டார்.”

“எப்பிடிக் கண்டுபிடிச்சனி?”

“நேற்றுத்தான் இசைத்தட்டு உறை மட்டையில இருந்ததை வாசிச்சன். அதை எழுதினவர் முந்நூறு வருசத்துக்கு முந்தின ஜெர்மன்காரராம். இருபது பிள்ளையளாம். இருபது பிள்ளையளோட ஒரு மனுசனுக்கு இவ்வளவு ஆறுதலா, இழுத்து இழுத்து மியூசிக் எழுத எங்க நேரம்? உடனே ஸ்பீடை மாத்திப் பாத்தன். வீடே துள்ளுது!”

மூத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“ஐயோ, மாமிக்குத் தெரியுமே?”

“பக்கத்திலதான் இருந்தவ. ‘பரவாயில்லை பிள்ளை, உன்ர மாமாவும் எல்லாத்தையும் அரைவாசி வேகத்திலதான் செய்தவர்’ எண்டா. பிறகு, திரும்பவும் மெதுவாப் போடச் சொன்னா.”