சுருங்கின கொலுசு

ஏன் பத்தரே, வெள்ளி சுருங்குமா?

சுருங்காதுன்னா இதென்னவாம்? போன மாசம் நீங்க அடிச்சுக் குடுத்த கொலுசுதான். தேவதானத்துலருந்து மாட்டுவண்டியில குலுங்கிக் குலுங்கி வந்திருக்கேன், சும்மா தலைய ஆட்டாதீக. காலையில லொடலொடன்னு கிடக்கு. விளக்கேத்துற நேரம் சதையில பதிஞ்சிருது. ஒரே நாள்ல ரெண்டு அளவு காட்டுற கொலுசு அடிச்ச பத்தர், இந்த ராசபாளையத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

"ஏட்டி அன்னத்தாயி, உக்காந்து தின்னா கால் தடிக்கத்தான் செய்யும்"ங்காக என் மாமியா. நானா உக்காந்து திங்கேன்? கெணத்துலருந்து ஒரு குடம் கொண்டு வாரதுக்குள்ள மூணு எடத்துல உக்காருதேன். ஆமா, உக்காருதேன். அது மூச்சு வாங்க, திங்க இல்ல.

மல்லாக்கப் படுத்தா இருமல். மூணு தலையாணி அடுக்கிச் சாஞ்சுதான் தூக்கம். "ராணியம்மா கொலுவா?"ன்னு கேலி பண்ணுதாக... யாரா? என் வீட்டுக்காரவுகதான். வெளிய வண்டியில மகள வச்சுக்கிட்டு இருக்காக.

என்ன அப்படிப் பாக்கீக? காலையா? இந்தா, நானே அமுக்குதேன். குழி விழுதா? விழும். செத்த நேரம் நிக்கும், பொறவு தானா மேவிரும். எம் மக இதுல விரல வச்சு விளையாடுவா.

எதுக்குச் சுத்தியலக் கீழ வைக்கீக? உங்க அக்காவுக்கும் இப்படித்தான் வீங்குச்சா? பொறவு..? சரி சரி, மிச்சத்தச் சொல்லாதீக.

டாக்டர்கிட்ட காட்டாமலா இருப்பேன்? ஆடிப்பூரத்துக்குச் சீவில்லிபுத்தூர் போனப்ப, தேர்க் கூட்டத்துல நைசா நழுவி, வெள்ளைக்கார டாக்டரம்மாகிட்ட போயிட்டேன். நெஞ்சுல குழாய வச்சு எம்புட்டு நேரம் கேட்டாக! சின்னதுல மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துச்சான்னாக. வந்துச்சே, எட்டு வயசுல! அப்பவே நெஞ்சுக்குள்ள கதவு மாதிரி ஒண்ணு கெட்டுப்போச்சாம். உப்பக் குறை, குடம் தூக்காத, சொட்டு மருந்து குடி, இன்னொரு பிள்ளை உண்டானா உசுருக்கே ஆபத்து... எல்லாம் சொல்லி, "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா"ன்னாக.

கூட்டிட்டுப் போகல. மருந்து அரிசிப் பானைக்குள்ள இருக்கு, தொறக்கல. அவியள உங்ககிட்டதான் கூட்டிட்டு வந்திருக்கேன்.

என்ன செய்யச் சொல்லுதீக? நான் இன்னும் உண்டாகவே இல்ல, அதுக்குள்ள அடுத்தது ஆம்பளப் பிள்ளைதான்னு அவியளே முடிவு கட்டி, செத்துப்போன அவிய அப்பா பேரு, கருத்தையான்னு வச்சுட்டாக. வார வழியெல்லாம், "கருத்தையாவுக்கு அரைஞாண் கொடி இப்பவே சொல்லிருவோம்"னு ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். ஊருப் பேச்செல்லாம் பேசுத வாயி, இத மட்டும் சொல்ல மாட்டேங்கு.

இந்தா, வாராக. அரைஞாண் கொடிதான் கேப்பாக. பத்தரே, உடனே சரின்னுராதீக. செத்த உக்கார வச்சு, கொலுசு மேல குத்தமில்லன்னு நீங்களே அவியகிட்ட சொல்லிருங்க.