எதிர்க் கட்டிடத்து அடுப்பு

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கூடத்தில் இடமின்றி வாசலில் நிற்கும் திருச்சுழி மக்களே, வணக்கம்.

சமையல் கலைஞர் சௌந்தரபாண்டியன் மறைந்துவிட்டார். அவரைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். நல்ல வேடிக்கை! என் தங்கை கல்யாணத்துக்கு அவர் வைத்த சாம்பாரில் உப்புக் கூடுதல் என்றேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. இப்போதும் சொல்கிறேன், உப்புக் கூடுதல்தான்.

ஆனாலும் அவர் கதை எனக்குத் தெரியும். டீக்கடையில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோல, எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

உக்ரைனில் கார்கிவ் நகரத்துக்கு, நம் மருத்துவ மாணவர்களுக்குச் சமைக்கப் போனவர் அவர். போர் வந்தது. குடியிருப்புகள்மேல் குண்டு விழுந்தது. மாணவர்களை ரயிலேற்றினார். தான் ஏறினாரா? "அண்டர்கிரவுண்டுல கெடக்குற சனத்துக்கு யாரு ஆக்கிப்போடுவா?" என்று திரும்பிவிட்டார்.

ஒரு விடியலில், அவரும் அந்தச் சனமும் பதுங்கியிருந்த கட்டிடத்தின் மேல்தளங்கள் சரிந்தன. குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இடிபாட்டுக்குள் பிணமாகக் கிடந்தார்கள். நிலவறையில் பிழைத்தவர்கள் பசியோடு அவர் அடுப்பைப் பார்த்தார்கள். அவர் பற்றவைக்கவில்லை! பிணம் எடுக்கும்வரை துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் ஆக்கி வர வேண்டும் என்ற நம் ஊர் முறையை அங்கே பிடித்துக்கொண்டு நின்றார். பைத்தியமா உனக்கு என்று சண்டைக்கு வந்தார்கள். அவரோ அரிசியையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு, தலைக்குமேல் விமானம் இரைய, தெருவைக் கடந்து எதிர்க் கட்டிடத்தில் ஆக்கிச் சுமந்து வந்தார்.

"ஏலே, குண்டு போடுறவனுக்குத் தெரியுமா, இது எழவு வீட்டுச் சோறுன்னு?" டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"அவனுக்குத் தெரியாட்டி என்ன? திங்கிறவுகளுக்குத் தெரியணும்ல" என்றார் சௌந்தரபாண்டியன்.

தெரிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் எதிர்க் கட்டிடத்தில் சாவு விழுந்தது. யாரும் சொல்லாமலே இவர் கட்டிடத்துப் பெண்கள் பீட்ரூட் சூப் காய்ச்சித் தெருவைக் கடந்தார்கள். "அதுக்கும் உப்பு சரியில்லன்னு சொல்ல ஒருத்தன் இங்க இருக்கான்" என்று டீக்கடையில் அவர் வேறு எங்கோ பார்த்துச் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு எத்தனை காலம் நம்மிடையே நடமாடினார்! அப்போது இந்த மேடை எங்கே போயிருந்தது? ஒரு துண்டாவது போர்த்தினீர்களா?

போகட்டும். இனி இந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் என் அடுப்பிலிருந்து மதியச் சோறு வரும். சாதி கேட்க மாட்டேன், பழைய சண்டையையும் பார்க்க மாட்டேன். என்னோடு பேசாதவர்கள் இந்த மேடையிலேயே மூவர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் வரும். அவசரமில்லை, நூறு வயது இருங்கள்.