கிழக்கு கேலரியில் நாலாயிரம் பேர்

இந்த நாற்காலி நல்ல வசதியாக இருக்கிறது, தில்லைநாயகம் சார். கைப்பிடிக்குக் கைப்பிடி இருபது அங்குலம் இருக்கும். ஆள் உட்காரும் இடத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவது எனக்குப் பழகிப்போயிற்று. முப்பத்தோரு வருடம் ஒரே கல்லூரியில், ஒரே மைதானத்தில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் நான். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மின்விசிறி இவ்வளவு சத்தமில்லாமல் ஓடும் என்று நான் நினைக்கவில்லை. பேசுவதற்கு நல்ல இடம்.

போன இரண்டு விசாரணையிலும் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. இன்று நானாகவே வந்ததற்குக் காரணம் வாட்ச்மேன் ஞானையா. கேலரிக்கு அடியிலிருந்த சுண்ணாம்பு அறையை வெளியே பூட்டியது அவர்தான் என்று நாலு நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேற்று சாப்பிடும்போது என் மனைவி பாக்கியவதிதான் சொன்னாள். அவருக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அப்படி ஒரு மனிதரை உட்கார வைப்பது நியாயமில்லை.

முதலில் இருக்கைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், எங்கள் தாளாளர் அப்பாத்துரை ஐயா ஒரு காலையில் மைதானத்துக்கு நடக்க வந்தார். கல்லூரி மலரில் போடுவதற்கு விவரம் வேண்டுமாம். "என்ன வே எபனேசர், நம்ம கிரவுண்டுல எத்தன பேரு உக்காரலாம்?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் இரண்டு பக்கத்துப் படிகளையும் பார்த்தேன். எட்டாயிரம் பேர் உட்காரலாம் ஐயா என்றேன்.

அது பொய் இல்லை சார். நான் வளர்ந்த சபையில் பெஞ்சு கிடையாது, பாய்தான். கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு ஊரே வந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும். கோவில் நிறைந்துவிட்டது என்று வாசலில் நின்று யாரும் யாரையும் திருப்பி அனுப்பியது இல்லை. முன்னால் இருக்கிறவர்கள் நெருங்கி உட்காருவார்கள், பிள்ளையை மடியில் தூக்கிக்கொள்வார்கள், இன்னும் நாலு பேருக்கு இடம் வந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் கேலரியைப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு எட்டு, ஒன்பது அங்குலம். மனம் இருந்தால் போதும்.

எட்டாயிரம் மலரில் அச்சானது. பிறகு நுழைவாயில் வளைவில் சிவப்பு எழுத்தில் வந்தது. மாமனார் ஊரான ஏரலுக்குப் போனால் மைத்துனன்மார், "எட்டாயிரம் பேரு கிரவுண்டுக்காரரு வந்துட்டாரு, மச்சானுக்கு நாற்காலி போடுங்கலே" என்பார்கள். பாக்கியவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த வீட்டில் மட்டும்தான்.

இசக்கிராஜா எங்கள் மைதானப் பணியாளர். கோடு போடுவது, வலை கட்டுவது, புல்லுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர்தான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். இருபத்தாறு வருடம் என்னோடு இருந்தார். என் மகள் ரீபா சைக்கிள் பழகியது அவர் பிடித்துக்கொண்டு ஓடித்தான். நல்ல மனிதர். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். எட்டாயிரம் என்று வளைவில் எழுதிய வாரமே டேப்பை எடுத்துக்கொண்டு படி படியாக அளந்தார்.

"சார், ஆளுக்கு ஒன்றரை அடி போட்டாத்தான் முட்டி இடிக்காம உக்காரலாம். மேக்க ஆயிரத்து இருநூறு. கெழக்க ரெண்டாயிரத்து நானூத்து நாப்பது. மொத்தம் மூவாயிரத்து அறுநூத்து நாப்பதுதான் வருது."

"நெருங்கி உட்கார மாட்டார்களா வே?"

"எட்டாயிரம் பேரு உக்காரணும்னா பாதிப் பேரு மடியில பாதிப் பேரு உக்காரணும் சார். அதுக்கு பொண்ணு வீடு, மாப்பிள்ள வீடு ரெண்டும்லா சம்மதிக்கணும்."

நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் கோபம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்த ஆட்களை எண்ணி, சுண்ணாம்பு அறைச் சுவரில் கரியால் எழுதி வைக்க ஆரம்பித்தார். முந்நூறு. நானூற்றிருபது. மழை வந்த அன்று அறுபத்தேழு. கல்லூரி ஆண்டறிக்கையில் நான் ஐயாயிரம், ஆறாயிரம் என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆட்டங்கள். அவர் யாரிடமும் காட்டியதில்லை. சுவரில் இருந்தது, அவ்வளவுதான். வலை எடுக்க அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருடம் மாநிலக் கால்பந்துப் போட்டியை எங்களுக்குத் தருவதாகப் பேச்சு வந்தது. குறைந்தது ஆறாயிரம் இருக்கை வேண்டும் என்பது நிபந்தனை. பார்வையிட மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தது. எனக்கு மே மாதம் ஓய்வு. போகிற நேரத்தில் கல்லூரிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

மேற்கு கேலரிக்குக் கூரை உண்டு. விருந்தினர்கள் அங்கேதான் உட்காருவார்கள். எதிரே கிழக்கு கேலரி முழுசாகக் கண்ணில் படும். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும் என்பதால் சாதாரண நாளில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. நான் யோசித்தது இதுதான்: கிழக்கில் மட்டும் நாலாயிரம் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டாயிரம் என்பதை அவர்கள் அளந்து பார்க்க மாட்டார்கள். கல்லூரி முழுவதற்கும் கட்டாய வருகை என்று சுற்றறிக்கை போட்டேன். அம்பாசமுத்திரம், ஏரல், டவுண் பக்கத்துப் பள்ளிகளுக்கு எழுதி, பேருந்து வைத்துப் பிள்ளைகளை அழைத்தேன். எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாயும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கொடுக்கச் சொன்னேன். வெயிலுக்குக் காகிதத் தொப்பியும் கொடுத்தோம்.

அன்று மைக்கில் நானே பேசினேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தம்பிமாரே. பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் கொடுங்கள். பிள்ளைகள் நெருங்கினார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்.

மூன்றே முக்காலுக்கு ஆட்டம் ஆரம்பித்தது. நாலு மணிக்குச் சற்று முன்னால், மைதானத்தைப் பார்வையிடும் அந்த மூவரும் வந்து மேற்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு கூட்டமா" என்றார். இன்னொரு அரை மணி நேரத்தில் அவர்கள் புறப்பட வேண்டும்; தூத்துக்குடியில் வேறு மைதானம் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் இசக்கிராஜா வந்தார். தலையிலும் தோளிலும் சிமெண்டுத் தூள்.

"சார், கெழக்க அடியில பீம்ல விரிசல் விட்டு மண்ணு உதிருது. கம்பி தெரியுது. பைய பாதிப் பிள்ளேள இங்கன மேக்க மாத்திருவோம்."

"இடைவேளையில் மாற்றலாம்."

"இடைவேள வரைக்கும் தாங்காது சார். நான் எண்ணிட்டேன். நாலாயிரத்துப் பத்து பேரு இருக்கு. ரெண்டாயிரத்து நானூறு பேரு ஏறுத எடம் அது." அவர் பார்வை மேற்கு கேலரிப் பக்கம் போயிற்று. "நீங்க சொல்லலன்னா, அந்தா வந்திருக்காவல்லா, அவுகட்ட நானே போயிச் சொல்லுதேன்."

விரிசலைப் போனில் படம் எடுத்திருப்பதாகச் சொன்னார். காட்டும் என்று வாங்கிப் பார்த்தேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. போனை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாரும் வே, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அவரைக் கேலரிக்குப் பின்பக்கம் கூட்டிப் போனேன். சுண்ணாம்பு அறைக்குள் அவர் முன்னால் போனார். விரிசல் விட்ட பீமுக்கு அடியில் குனிந்து, "இங்கன பாருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம்தான் என்று நினைத்தேன். அவர்கள் கார் ஏறியதும் திறந்துவிட்டு, கோபப்படாதீர் என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். அவரும் சிரித்திருப்பார். எங்களுக்குள் அப்படித்தான்.

நாலு இருபத்திரண்டுக்கு எங்கள் அணி ஒரு கோல் போட்டது. நல்ல கோல். இடது ஓரத்திலிருந்து வந்த பந்தை ஒரு பையன் தலையால் முட்டிப் போட்டான். கிழக்கு கேலரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் மேற்குப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத் தொப்பிகள் எல்லாம் ஒன்றாக மேலே போயின. பிறகு நடுவில் மூன்று பகுதி மட்டும் கீழே போயிற்று. சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

ஒன்பது பிள்ளைகள். பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்பது வீட்டுக்கும் நான் போனேன். ஏரலில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எம்புட்டுப் பிள்ளேளத் தூக்குனிய சார், டிவில பாத்தோம்" என்று அழுதார். தூக்கினேன். அது உண்மை. தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால் பதினான்கு பேரை இந்தக் கையால் தூக்கி வெளியே வைத்தேன். முதுகு இன்னும் வலிக்கிறது.

கடைசிப் பிள்ளைகளையும் எடுத்து முடித்தபோது ஐந்தே கால் இருக்கும். நான் பின்பக்கம் போனேன். கதவின் மேல்பாதியை உடைந்த தளம் மறைத்திருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. கதவுக்குப் பக்கத்தில் காற்று வருவதற்காக விட்ட சின்ன துவாரம் இருக்கிறது. அதன் வழியாகக் கூப்பிட்டேன்.

"எபனேசர் சாரா? காலு மாட்டிக்கிட்டு சார். ரத்தம் போகுது. மொதல்ல பிள்ளேளப் பாருங்க, நான் பொறுத்துக்கிடுதேன்."

பார்த்தீர்களா, அவரே சொன்னார். அதனால்தான் அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்போது எடுக்க வேண்டிய பிள்ளைகள் யாரும் மீதி இல்லை. கம்பி வெட்டும் இயந்திரம் தரையில் சும்மா கிடந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தரைக்குத் தீயணைப்பு அதிகாரி என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தார். நான் எழுந்து துவாரத்தை விட்டு நாலைந்து எட்டு தள்ளிப்போய் அவரை எதிர்கொண்டேன். முன்பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் பலமாக இருந்தது. மொத்தம் எத்தனை பேர் கேலரியில் இருந்தார்கள் என்று கேட்டார். இரண்டாயிரத்து நானூறு என்றேன். ஆளெல்லாம் கணக்குக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். பள்ளிக்கூடங்களிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் சரி என்று சொல்லிவிட்டார்கள், கல்லூரியும் சரி என்றேன். அவர் கதவைக் காட்டினார்.

"இது என்ன ரூம்பு சார்?"

"சுண்ணாம்பு வைக்கிற அறை."

"வெளிய பூட்டுல்லா தொங்குது. பூட்டுன ரூம்புக்குள்ள யாரு இருக்கப் போறா" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

நான் ஆமாம் என்றேன்.

அந்தப் பூட்டைத் திறந்தால் ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நாலாயிரத்துப் பத்து என்பதைச் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் முந்நூறும் நானூற்றிருபதும் வெளியே வரும். வளைவில் எழுதியிருப்பதை மட்டும் சுரண்டிவிட்டு விடமாட்டார்கள் சார். கல்லூரியின் நூற்றிருபது வருடப் பெயர் அதோடு போகும். ஒரு ஆளையும் ஒரு கல்லூரியையும் நான் தராசில் வைத்துப் பார்த்தேன். கஷ்டப்பட்டுத்தான் பார்த்தேன்.

இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடிபாட்டைக் காலையில் அகற்றலாம் என்று முடிவாயிற்று. நான் திரும்பி அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இசக்கிராஜா இரண்டு முறை தண்ணீர் கேட்டார். ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைத் துவாரம் வழியாகப் போட்டேன். அவர் கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். "பைய தேடுங்க சார், பதறாதிய" என்றார். என் சட்டைப் பையில் அவருடைய போன் அதிர்ந்தது. 'வீடு' என்று வந்தது. அவர் மனைவி முத்துப்பேச்சியம்மாள் நாலு தடவை கூப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே அவர் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு கால்மணி நேரம் இருந்தேன். ஜெபம் பண்ணினேன்.

போன் இதோ. படம் அதில் இருக்கிறது. சாவியும் இதோ. ஞானையாவை விட்டுவிடச் சொல்லுங்கள். பூட்டியது நான், உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தும் திறக்காமல் விட்டது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன் சார். முத்துப்பேச்சியம்மாள் எல்லாரிடமும், என் புருஷன் அநாதையாகக் கிடந்து செத்தார் என்று சொல்லி அழுகிறார்களாம். அது சரியில்லை என்று யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கடைசி மூச்சு வரைக்கும் நான் அவர் பக்கத்திலேயேதான் இருந்தேன். கேட்டால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.