சிரிச்சா முட்டி மடங்கும்

பூவம்மாள்: இன்னொரு தபா கேக்குறேன், கோச்சிக்காத சார். தூக்கத்துக்குன்னு தனியா ஒரு டாக்டரா?

டாக்டர் தேசிகன்: நான் நரம்பு டாக்டர்மா. தூக்கத்துல வர்ற கோளாறுதான் என் ஆராய்ச்சி. லண்டன்ல படிச்சுட்டு வந்திருக்கேன்.

பூவம்மாள்: தூங்கறதப் படிக்க கப்பலேறிப் போனியா! எங்க மாமனாரக் கேட்டிருந்தா திருவள்ளூர்லயே சொல்லிக் குடுத்திருப்பாரே!

தேசிகன்: மெட்ராஸ்ல என் பெரிய டாக்டரும் இதையேதான் சொல்றார். "நம்ம நாட்டுல தூக்க வியாதி ஏதுய்யா? எல்லாம் சோம்பேறித்தனம்"னு... சரி, உன் புருஷன் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறார்?

பரசுராமன்: ஒண்ணுமில்ல சார். இவதான் இஸ்துகினு வந்தா. நான் கெளம்பறேன்...

பூவம்மாள்: குந்துய்யா! சார், காக்களூரு பட்டறைல லேத்து ஓட்டுது இந்த ஆளு. நின்னுகினே தூங்கும். அது போவட்டும். எவனாச்சும் தமாசு பேசி இது சிரிச்சிச்சின்னு வையி... முட்டி மடங்கி சாக்கு மூட்ட கணக்கா உழுந்துடும். குடிச்சிட்டு வர்றான்னு சீட்டக் கிழிக்கப் போறாங்க. திங்கக்கெழம கடேசி விசாரண.

தேசிகன்: குடிப்பாரா?

பூவம்மாள்: இதுவா? சர்க்காரே சாராயக் கடயத் தெறந்து உட்டுருச்சி, ஊரே அங்கதான் கெடக்குது. இது அந்தத் தெரு பக்கமே போவாது. அமாவாசைன்னா கோயில் கொளத்துல முங்கி எழுந்தாதான் சோறே எறங்கும் இதுக்கு.

தேசிகன்: அப்படின்னா இது நான் தேடற வியாதியேதான்! ஆனா கண்ணால பார்க்காம எழுதிக் குடுத்தா, பெரிய டாக்டர் என் மூஞ்சியிலயே கிழிச்சுப் போடுவார். பரசுராமா, எங்கே, சிரி பார்க்கலாம்!

பரசுராமன்: சிரின்னா... எப்டி சார்?

தேசிகன்: ஒரு ஜோக் சொல்றேன். லண்டன்ல எங்க புரொபசர் தூக்கத்தைப் பத்தி லெக்சர் எடுத்தாரா... பாதியிலயே கிளாஸ் மொத்தமும் தூங்கிடுத்து!

பரசுராமன்: ...அப்பறம்?

தேசிகன்: அவ்வளவுதான்.

பூவம்மாள்: கஸ்டம் சார். இதக் கேட்டா அழுகதான் வரும்.

தேசிகன்: நீதான் இவ்வளவு பேசறியே, நீயே ஏதாவது சொல்லேன்.

பூவம்மாள்: எனக்கு... இப்ப வாயி வரல சார்.

தேசிகன்: அதிசயம்தான்! சரி, குடிக்கறார்னு கம்பெனிக்கு யார் சொன்னது?

பரசுராமன்: எவனோ... உடு சார்.

பூவம்மாள்: நான்தான்.

தேசிகன்: என்னது!

பூவம்மாள்: ஃபோர்மேன் துளசிராமன் ஊட்டுக்கே வந்துட்டாரு சார். "இன்னாமா, ஒம் புருசனுக்கு வலிப்பா?"ன்னாரு. இந்த ஆளோட தங்கச்சி செல்விய அப்பதான் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? "வலிப்பெல்லாம் இல்ல, மொடாக்குடி"ன்னுட்டேன். குடிகாரன் தங்கச்சின்னா எவனும் வாணாம்னு சொல்ல மாட்டான் சார்... பாத்துட்டுப் போன மாப்ளயே தள்ளாடிக்கினுதான் வந்தான்!

பரசுராமன்: தள்ளாடி... அவன்... கா... காப்பிய வேட்டில ஊத்தி... அடிப் பா...

தேசிகன்: ஐயோ, தலை! பிடி, பிடி!

பூவம்மாள்: புடிச்சிட்டேன். நல்லாப் பாத்துக்கோ சார். வாயயும் மோந்து பாரு.

தேசிகன்: முட்டியைத் தட்டினா கால் அசையவே இல்ல... பரசுராமா, நான் பேசறது கேக்கறதா? கேட்டா கண்ணை உருட்டு... உருட்டறான்! பெருமாளே, உருட்டறான்! நினைவு தப்பவே இல்ல!

பூவம்மாள்: மனுசன் தரைல கெடக்குறான், இவரு லாட்டரி உழுந்தாப்புல குதிக்கிறாரு!

தேசிகன்: அம்மா, இது வலிப்பே இல்ல! தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவுல நரம்புல ஒரு கோளாறு. மாத்திரை இருக்கு. திங்கட்கிழமை விசாரணைக்கு நானே வந்து சொல்றேன்.

பூவம்மாள்: மெய்யாவா சார்? அப்ப நானும் வர்றேன். பொய்யி சொன்னவ நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் வாயாலயே இந்த ஆளு சோத்துல மண்ணப் போட்டுட்டேனே... இத்தினி நாளா இது மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க முடியல சார்...

பரசுராமன்: ...அழுவாத பூவு. நீ சொன்னத அன்னிக்கே ஃபோர்மேன் எங்கிட்ட கேட்டாரு. "ஆமா சார், தெனம் குடிக்கிறேன்"னு ஒத்துக்கினவனே நான்தான்டி.