இரண்டாவது சர்வரின் கடிகாரம்

எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸ்களில் சாயங்காலம் ஆறரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். பக்கத்திலேயே சரக்கு குடோன் இருக்கிறது. ஒரு ஒயர் சூடானால் தெருவே போய்விடும். சென்னையிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். இரவும் பகலும் நிற்காமல் ஓடுவதற்கென்றே செய்த ஜோடி சர்வரை வாங்கி வைத்துவிட்டு, தினமும் அணைத்து தினமும் எழுப்பினோம். பூவனநாதன் அண்ணாச்சி கம்பெனியில் அதுதான் நடைமுறை. நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பழசைக் கழற்றிப் புதுசு மாட்ட வந்த இடத்தில் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. இரண்டாவது சர்வரின் கடிகாரம் மட்டும் ஏன் சரியாகப் பத்து நிமிஷம் பின்னால் இருக்கிறது? அண்ணாச்சி கூட இருந்ததால், பேட்டரி போயிருக்கும் என்றேன். நீங்கள் நம்பவில்லை. இப்போது என் கம்ப்யூட்டர் கடை வரைக்கும் வந்துவிட்டீர்கள். சொல்கிறேன். மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அந்த ஜோடியை எழுப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டிஸ்க் பெட்டி. அதன் விளக்கெல்லாம் பச்சையாகி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு முதல் சர்வர், அது எழுந்த பிறகு இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். அதன் வழியாக ஒன்று மற்றதை 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் நின்றால் மற்றதன் வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். வரிசை தப்பினால் எதுவும் எழாது. எழாவிட்டால் பில் வராது, பில் இல்லாமல் வடக்கே போகிற லாரி கேட்டைத் தாண்டாது.

காலையில் எழுப்புகிற வேலை சத்தியபாமாவுடையது. ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பி.காம். படித்த பிள்ளை, நல்ல கவனம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சர்வர் வந்த புதிதில் ஒருநாள் அது எழவே இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் அவள் பின்னால் வந்து நின்று, "அண்ணே, அந்தப் பெட்டி விளக்கு இன்னும் மினுக்கிக்கிட்டே இருக்குதே, அது நின்ன பொறவு போட்டுப் பாப்பமா?" என்றாள். போட்டோம். எழுந்துவிட்டது. அண்ணாச்சி, "என்னவே செல்வகணேஷ், ஆறு மணி நேரமாக் குடைஞ்சீரு. இனிமே இந்தப் பிள்ளைகிட்ட டியூசனுக்கு வாரும்," என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு அது முடிந்தது.

என் கவலை வேறு. ஒரு பெண் ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்டால், எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிடுவாள். மிஷினுக்கு அது ஆபத்து. கொஞ்சம் பயம் இருந்தால் கவனம் கூடும். அந்தப் பயத்தை உண்டாக்குவது என் பொறுப்பு என்று நினைத்தேன்.

சில நாள் சாயங்காலம், ஆபீஸ் பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், இந்தக் கடையில் இருந்தபடியே நெட் வழியாக சர்வருக்குள் போவேன். முதல் சர்வரில் ஒரு அமைப்பை மாற்றுவேன். மறுநாள் ஜோடி எழாது. இரண்டாவதின் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளுவேன். காலையில் அவள் வரிசைப்படிதான் போடுவாள். எழாது. எனக்குப் போன் வரும். நான் போய், எது எத்தனை மணிக்கு எழுந்தது என்ற பதிவைத் திறந்து அண்ணாச்சியிடம் காட்டுவேன். முதல் சர்வர் எட்டு நாற்பத்தாறு, இரண்டாவது எட்டு நாற்பத்திரண்டு. வரிசை மாறியிருக்கிறது. பிறகு இரண்டையும் சத்தமில்லாமல் சரிசெய்து எழுப்பிவிடுவேன். எட்டு மாதத்தில் பதினொரு தடவை. அதிகம் என்று சொல்ல முடியாது.

முதல் இரண்டு தடவை அவள் வாதாடினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு நோட்டு போட்டாள். பெட்டி எட்டு நாற்பது, முதல் சர்வர் எட்டு நாற்பத்தாறு, இரண்டாவது எட்டு ஐம்பத்திரண்டு என்று அப்போதைக்கப்போது எழுதினாள். அண்ணாச்சிக்கு அந்த நோட்டே சந்தேகமாகிவிட்டது. "தப்பைப் பண்ணிட்டு நோட்டு வேற எழுதுதா," என்றார். அவளுக்குத் துணையாக ஒரு ஆளை நிறுத்தலாமா என்றும் கேட்டார். வேண்டாம், பிள்ளை மனசு நோகும் என்று நான்தான் தடுத்தேன்.

அவள் அம்மா வெயிலம்மாளைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தாள். நாற்பது வயதிலேயே மறதி தொடங்கிவிட்டது. ஒருநாள் பருத்திக் காட்டு வழியே நடந்தே போய், மூன்றாம் நாள் குளத்தூரில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்களாம். ஆபீஸில் வேறு யாருக்கும் இது தெரியாது. என்னை நம்பிச் சொன்னாள்.

மாசி பிறக்கும் சமயம் புதியம்புத்தூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். சோலைராஜ் என்று பெயர். அவருடைய அக்கா மகன் ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருக்கிறான், அவனுக்கு சத்தியபாமாவைப் பேசியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பெண்ணோ மாப்பிள்ளையோ, வேலை பார்க்கிற இடத்தில் சத்தமில்லாமல் விசாரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். "பிள்ளை எப்படி தம்பி?" என்று கேட்டார். தங்கமான பிள்ளை என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் மறதி உண்டு, அம்மா வாகு என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். விசாரிக்க வந்தவரிடம் பொய் சொல்லக் கூடாது, இல்லையா? ஆபீஸ் பதிவில் இருந்ததைத்தான் சொன்னேன்.

சம்பந்தம் நின்றது. அடுத்த வாரம் பதினோராவது தடவையும் ஜோடி எழவில்லை. நான் போனபோது ஆபீஸில் அவள் மட்டும்தான் இருந்தாள். நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"அண்ணே, நான் எழுதினது ஒண்ணு, மிஷின் சொல்லுதது ஒண்ணு. எங்கம்மைக்கும் இப்படித்தாம்ணே ஆரம்பிச்சுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நம்புதேன். நான் சரியாத்தானே போட்டேன்?"

நோட்டைப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட அடித்தல் திருத்தல் இல்லை. அந்த இடத்தில் நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"மிஷின் பொய் சொல்லாதும்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஜோடி எழாமல் நின்றதில்லை. அண்ணாச்சியே அதைச் சொல்லிக் காட்டுவார். கடைசித் தடவை கடிகாரத்தைத் திரும்ப முன்னால் தள்ளத் தோன்றவில்லை. அவசரத்தில் விட்டுப்போனது, வேறு காரணம் இல்லை.

போன மாதம் அவள் அப்பா பரமசிவனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சத்தியபாமா இப்போது அடுப்புப் பற்ற வைப்பதில்லையாம். அணைத்தோமா என்ற சந்தேகம் தீராதாம். கதவைப் பூட்டிவிட்டு ஏழெட்டு முறை இழுத்துப் பார்க்கிறாளாம். நாள் முழுக்க அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டியா என்று அவள் அம்மாவைக் கேட்கிறாளாம், அம்மா அவளைக் கேட்கிறாளாம், இருவருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லையாம். நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னேன். பஸ் செலவுக்கு நூறு ரூபாயும் கொடுத்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவுதான். அமைப்பை மாற்றியது, கடிகாரத்தைத் தள்ளியது, இரண்டையும் செய்தது நான்தான், அவள் ஒரு நாளும் வரிசை மாற்றிப் போட்டதில்லை. அன்றைக்கு ஆபீஸில் சிரித்ததற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. இல்லை சார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இரண்டாயிரத்து ஏழு, ஜூன் பதினெட்டு, திங்கட்கிழமை, மணி மூன்று இருபது. மொத்தம் ஏழு பேர் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், ஐயோ பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளும் சிரித்திருந்தால் விட்டிருப்பேன்.