நடுங்காத கை

தங்கை: அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா விட்டுருவேனா? இங்க பாருண்ணா.

அண்ணன்: ஊசி குத்தின கை வலிக்குது... அதான்.

தங்கை: குத்தினது வலது கை. நீ அதே கை மேலதான் படுத்திருக்கே.

அண்ணன்: சரி... திரும்பிட்டேன். என்ன வேணும் உனக்கு?

தங்கை: என் கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போக வந்தேன்.

அண்ணன்: கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னும் என்ன ‘என்’ கிட்னி?

தங்கை: கட்டிக்கொடுத்துட்டா பொண்ணைப் பாக்க வரமாட்டாங்களா?

அண்ணன்: ஐயோ, சிரிக்க வைக்காதே. அந்த இடம்தான் வீங்கியிருக்கு. தொட்டாலே வலிக்குது.

தங்கை: ம்... டாக்டர் என்ன சொன்னார்?

அண்ணன்: காய்ச்சல், இருமல்... ஏதோ கிருமியா இருக்கும்னு சொல்றார்.

தங்கை: நீ என்ன சொன்னே?

அண்ணன்: நான் என்னத்தைச் சொல்றது? டாக்டர் அவர்தானே.

தங்கை: மாத்திரை ஒழுங்கா போடறீங்களான்னு கேட்டிருப்பாரே.

அண்ணன்: கேட்டார்... போடறேன்னேன்.

தங்கை: ம்.

அண்ணன்: என்ன ‘ம்’? ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. மருந்து சரியான அளவுல இருக்காம்.

தங்கை: இருக்கும், இருக்கும். உடம்பு முடியலன்னதும் பயந்துபோய் நாலு நாளு ஒழுங்கா முழுங்கியிருப்பே. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புஸ்தகத்தைத் தொடுவியே... அதே புத்தி.

அண்ணன்: யாரு... யாரு சொன்னா உனக்கு?

தங்கை: உன் சலூன் கடையிலருந்து துண்டு எடுத்துட்டு வான்னியே. எந்த டிராயர்னு சொல்லல. ஒவ்வொண்ணா திறந்தேன். பிளேடு பாக்கெட்டுக்கு அடியில மாத்திரை அட்டை அட்டையா கிடக்கு, பிரிக்காம.

அண்ணன்: மெதுவா பேசும்மா. பக்கத்துக் கட்டில்ல ஆள் இருக்கு.

தங்கை: அவர் காதுல விழுந்தா மட்டும் வெக்கமா இருக்கோ?

நர்ஸ்: என்னங்க, சத்தம் வராண்டா வரைக்கும் கேக்குது. சார், மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க. தாடிக்கு எதுக்கு மாஸ்க்?

அண்ணன்: சரிங்க சிஸ்டர்.

நர்ஸ்: நீங்க இவருக்கு என்ன வேணும்?

தங்கை: தங்கச்சி.

நர்ஸ்: ஓ, கொடுத்தவங்க நீங்கதானா! சார், உங்களுக்குப் பெரிய கொடுப்பினை. எங்க வீட்டுல ஒரு குடையைக்கூட இரவல் தரமாட்டாங்க.

அண்ணன்: ...ஆமாங்க.

நர்ஸ்: இந்தாங்க மாத்திரை. இதுல ஒண்ணை டாக்டர் இன்னைக்கிலருந்து பாதியாக் குறைச்சிருக்கார்.

தங்கை: குறைச்சிருக்காரா? எதுக்கு?

நர்ஸ்: இது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூங்க வெக்கிற மாத்திரைம்மா. இப்ப கிருமி நுழைஞ்சிருக்குன்னா அது கொஞ்சம் முழிச்சிக்கிட்டாத்தானே சண்டை போடும்?

தங்கை: அண்ணா... நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

அண்ணன்: வேண்டாம்மா... டாக்டர் வந்ததும் சொல்லிக்கறேன்.

தங்கை: இப்ப சொல்லு!

நர்ஸ்: என்ன சார்?

அண்ணன்: சிஸ்டர்... நான் அதைச் சரியாப் போடல. முதல்ல காலையில மட்டும் விட்டேன். அப்புறம்... ராத்திரியும். இங்க வர்றதுக்கு முன்னாடிதான் மறுபடி ஆரம்பிச்சேன்.

நர்ஸ்: இதைக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே சார்!

அண்ணன்: திட்டுவாங்கன்னு...

நர்ஸ்: மாத்திரையைக் கொடுங்க இப்படி. முழுங்கிடாதீங்க. அப்போ இது கிருமியா, இல்ல உங்க உடம்பே அந்தக் கிட்னியை அடிக்குதான்னு பாக்கணும். ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். டாக்டரைக் கூப்பிடறேன்.

தங்கை: காப்பாத்திரலாமா சிஸ்டர்?

நர்ஸ்: முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்... அவர் வரட்டும்மா.

அண்ணன்: சிஸ்டர் போயாச்சு. திட்டு. வாய் விட்டுத் திட்டிரு.

தங்கை: ஏன்ணா இப்படிப் பண்ணே?

அண்ணன்: கை நடுங்குது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிரும். தொண்டைக்குழி கிட்ட கத்தியைக் கொண்டு போகும்போது கஸ்டமர் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கறார்... நான் கண்ணை மூட முடியுமா?

தங்கை: டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பாரே.

அண்ணன்: தொழிலை விடுன்னு சொல்லிட்டா?

தங்கை: உன் கடைக் கூட்டாளி சவரம் பண்ணட்டும். நீ முடி மட்டும் வெட்டு.

அண்ணன்: அவனும் அதைத்தான் சொன்னான்... மாத்திரையை நிறுத்தின பிறகு கை அப்படியே நின்னுச்சு, தெரியுமா? பழைய கை. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. உடம்பும் நல்லாத்தானே இருக்கு, என்ன ஆயிடப் போகுதுன்னு...

தங்கை: உன் உடம்புல இருக்கிற காவலுக்கு நான் உன் தங்கச்சின்னு தெரியாதுண்ணா. எவளோ ஒருத்தி உள்ள வந்து உக்காந்திருக்கா, அவ்வளவுதான் தெரியும். கிருமிக்கு என்ன அடியோ அதே அடிதான் எனக்கும்.

அண்ணன்: தெரியும்... எல்லாம் தெரியும். உன் மூஞ்சியைப் பாக்கவே முடியல. மன்னிச்சிருன்னு கேக்கவும் நாக்கு கூசுது.

தங்கை: போற கஸ்டமர் போகட்டும்னு விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?

அண்ணன்: விட்டிருக்கலாம்... மாப்பிள்ளை எப்படி இருக்கார்? கடைப் பக்கமே காணோம். தாடி வளக்கறாரா?

தங்கை: அவருக்கு... வேலை ஜாஸ்தி.

அண்ணன்: ம்.

தங்கை: இல்லண்ணா. பொய். பக்கத்துத் தெரு கடைக்குப் போறார்... நான்தான் போகச் சொன்னேன். அண்ணன் கை ஆடுது, அங்க போய்க் கழுத்தை நீட்டாதீங்கன்னு... இந்த வாயாலதான் சொன்னேன். அதுலருந்து உன் கடையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறேன். யாராவது உன்கிட்ட சொல்லிட்டாங்களா?

அண்ணன்: யாரும் சொல்லலம்மா. நீ அதை அவர்கிட்ட சொன்ன அன்னைக்கு உன் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னேன்... மறுபடி மாட்டிக்கிட்டுத் திரும்பிட்டேன். மறுநாள் காலையிலதான் முதல் மாத்திரையை விட்டேன்.